பரிசுப் பெட்டிக்குள் கால்சியக்காரன்

எங்கள் சீசாவை வாங்கித் திறப்பவர்களில் பாதிப் பேர் உடனே போன் செய்து ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "என்னங்க, காலி பாட்டிலை அனுப்பிட்டீங்களா?" காலி இல்லை. சுண்டுவிரல் உயரச் சீசாவின் அடியில், கண்ணுக்கே தெரியாத படலமாய், உறைய வைத்து உலர்த்திய புரதம் ஒட்டிக்கொண்டிருக்கும். திறப்பதற்கு முன்னால் என்ன செய்ய வேண்டும், எதில் கரைக்க வேண்டும் என்று காகிதத்தில் அச்சடித்துத்தான் அனுப்புகிறோம். யார் படிக்கிறார்கள்? பேராசிரியர்களே படிப்பதில்லை. நாங்களும் ஒவ்வொரு முறையும் பல்லைக் கடித்துக்கொண்டு, "இருக்குங்க, நல்லாப் பாருங்க" என்று சொல்லி போனை வைப்போம்.

ஆராய்ச்சிக்கூடங்களுக்குப் புரதம் செய்து விற்கிற கம்பெனி எங்களுடையது. நான் அங்கே பாக்டீரியா வளர்ப்பவள். அதற்குத் தீனி கலந்து, கொதிக்க வைத்து, ஆற்றி, குடுவையில் ஊற்றி, இரவெல்லாம் ஆட்டிவிடும் பெட்டிக்குள் வைப்பது என் வேலை. அதனால் எனக்குச் சமையல்காரி என்று பெயர். மனிதனுடைய ஜீன் ஒன்றை அந்த பாக்டீரியாவுக்குள் நுழைத்து வைத்திருப்பார்கள். மனித உடம்பில் உண்டாகிற புரதத்தை அது தன் வயிற்றுக்குள் செய்து குவிக்கும். மறுசேர்க்கைப் புரதம் என்று அதற்குப் பெரிய பெயர். எங்கள் கம்பெனியில் அதிகம் விற்பது கால்சியத்தைக் கண்டால் பிடித்துக்கொள்கிற ஒரு புரதம். பில்லில் அதற்கு நீளமான பெயர் உண்டு. எங்களுக்குள் அது கால்சியக்காரன்.

கால்சியக்காரனுக்கும் எலும்புக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. உடம்பில் எங்காவது அடிபட்டாலோ புண்ணானாலோ, வெள்ளை அணுக்களிலிருந்து வெளியே வந்து ஆபத்து ஆபத்து என்று கூப்பாடு போடுகிற புரதம் அது. வீக்கம் ஏன் வருகிறது என்று ஆராய்கிறவர்கள் வாங்கி, தட்டில் வளர்த்த செல்களின் மேல் சொட்டிப் பார்ப்பார்கள். அவ்வளவுதான் அதன் உபயோகம். பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொன்னால் புரிந்துவிடும்.

பாக்டீரியாவுக்குச் சாப்பாடு போடுவது நான் என்றால், அதன் வயிற்றைக் கிழித்துப் புரதத்தை வெளியே எடுப்பது ஸ்வெட்டர் அக்கா. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும்போதும் அவள் பழுப்பு ஸ்வெட்டரோடுதான் இருப்பாள். அவள் வேலை பார்ப்பது குளிர் அறையில். அறை முழுவதுமே ஒரு பெரிய ஃபிரிட்ஜ். உள்ளே ஒரு மேஜை, ஒரு முக்காலி, சுவரோரம் நிற்கும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய்கள். கண்ணாடிப் பாத்திரம் எதுவும் அந்த வாசலைத் தாண்டக் கூடாது. குழாய்த் தண்ணீரில் கழுவிய கண்ணாடியில் கால்சியம் ஒட்டியிருக்கும், கால்சியக்காரன் ஓடிப்போய் அதைக் கட்டிக்கொள்வான், அப்புறம் அளவெல்லாம் தப்பாகிவிடும். ஒருமுறை நான் மறந்துபோய்க் கண்ணாடி டம்ளரில் குடிதண்ணீர் கொண்டுபோனேன். "தாகமா இருந்தா வெளியே நின்னு குடி, என் பிழைப்புல மண்ணைப் போடாதே" என்று அதட்டினாள். சாயங்காலம் அவளே வந்து தோளைத் தட்டிவிட்டுப் போனாள்.

அவள் வேலையில் புரதத்தைப் பிடிப்பது பாதிதான். மீதிப் பாதி, பாக்டீரியாவின் அழுக்கைக் கழுவி எடுப்பது. பாக்டீரியாவின் தோலில் ஒரு நஞ்சு இருக்கிறது. செத்த பிறகும் அது சாகாது, கொதிக்க வைத்தாலும் அசையாது. துளியளவு இரத்தத்தில் கலந்தாலும் உடம்பு குலுங்கிவிடும். ஆராய்ச்சிக்குப் போகிற சீசாவிலும் அது இவ்வளவுக்குமேல் இருக்கக் கூடாது என்று அளவு உண்டு. அந்த அளவுக்குக் கீழே வரும்வரை கழுவிக்கொண்டே இருப்பாள். கை விறைத்துப்போய் வெளியே வந்து, என் அடுப்புக்கு மேலே கையை நீட்டிக்கொண்டு நிற்பாள்.

அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வீட்டில் அவளும் அப்பாவும் மட்டும். அப்பா பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். யாராவது காரில் கூட்டிக்கொண்டு போனால், பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு காலால் தரையை அழுத்தி பிரேக் போடுவார். நாற்பத்தைந்து தாண்டிய மகளை இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். அவளுக்கு ஓர் அண்ணன் உண்டு. வேறு வீட்டில் மனைவி மக்களோடு இருக்கிறான். விடுமுறை நாளில் வருவான், சோபாவில் சாய்வான், அப்பாவை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று தங்கைக்குப் பாடம் நடத்திவிட்டுப் போவான். ஊருக்கு உபதேசம் என்று ஒரு வேலை இருந்தால் அவன்தான் அதில் மேலதிகாரி.

அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் பிரிப்பதற்குள் படியில் தடுமாறி இடுப்பு எலும்பில் விரிசல் விட்டது. பட்ட காலிலே படும் என்று சும்மாவா சொன்னார்கள். எலும்பு தேய்ந்து அப்பளமாகிவிட்டது என்று டாக்டர் சொன்னார்; மாத்திரை கொடுத்தார், வாக்கர் வைத்து நடக்கச் சொன்னார். காலையில் அப்பாவைக் குளிப்பாட்டி, உட்கார வைத்து, பக்கத்து வீட்டு அம்மாவிடம் சாவியைக் கொடுத்துவிட்டு ஓடிவருவாள் அக்கா. கடையில் ஏதோ வாங்கி வந்து இதையெல்லாம் சரி செய்துவிடலாம் என்று நினைத்தது அண்ணன்காரன்தான். அந்தக் கடை தங்கை வேலை பார்க்கிற இடம் என்று அவனுக்கு எப்போது தோன்றியதோ தெரியவில்லை. கம்பெனியின் இணையப் பக்கத்தைத் தட்டிப் பார்த்திருக்கிறான். மனித, கால்சியம், புரதம். மூன்று வார்த்தை போதாதா அவனுக்கு?

அந்த வாரம் அவன் வந்து கேட்டதை அக்கா மறுநாள் என்னிடம் அப்படியே நடித்துக் காட்டினாள்.

"நீயே செய்யறேல்ல? ஒரு பாட்டில் எடுத்துட்டு வந்தா குறைஞ்சா போயிடும்?"

"அண்ணா, அது மருந்து இல்லை."

"மனுஷனோடதுன்னு போட்டிருக்கே."

"மனுஷனோடது மாதிரி. பாக்டீரியாகிட்டேருந்து எடுக்கறது. உடம்புல ஏத்தக் கூடாது. எலும்புக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை."

"கால்சியத்துக்கும் எலும்புக்கும் சம்பந்தம் இல்லையா? யார்கிட்ட காது குத்தறே?"

இப்படியே ஒரு மணி நேரம். கடைசியில் அவன் எழுந்து, அப்பா காதில் விழுகிற மாதிரி ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனான். "பெத்தவருக்குக் குடுக்க மனசு வரலைன்னா விடு. ஊர்ல இருக்கறவனுக்கெல்லாம் பார்சல் கட்டு."

சாப்பிட உட்கார்ந்தபோது அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாராம். "நிஜமாவே ஆகாதா பாப்பா?" அவள் நிதானமாக, முதலிலிருந்து, அழுக்கு, நஞ்சு, வீக்கம் எல்லாம் எடுத்துச் சொன்னாள். அவரும் சரி சரி என்று தலையாட்டினார்.

"அந்தச் சரி சரி எனக்குப் பிடிக்கலடி" என்றாள் என்னிடம். "ஊர் ஆயிரம் சொல்லட்டும். அவர் என்னை நம்பணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

இனி எங்கள் எம்.டி.யைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லும்போதே எனக்குக் கை பரபரக்கிறது. எங்களுக்குள் அவர் ரிப்பன். புது ஃபிரிட்ஜ் வந்தாலும் ரிப்பன் கட்டிக் கத்தரிக்கோலால் வெட்டி போட்டோ எடுத்துக்கொள்வார். மற்ற கம்பெனிகள் விருந்தாளிக்குப் பேனா கொடுக்கும், காலண்டர் கொடுக்கும். ரிப்பனுக்கு அதெல்லாம் மட்டம். நீல வெல்வெட் பெட்டிக்குள் எங்கள் கால்சியக்காரன் சீசா ஒன்றை வைத்து, மேலே தங்க எழுத்தில் பெயர் அடித்து, வருகிறவர் கையில் கொடுத்து போட்டோவுக்குச் சிரிப்பார். அதில் அவருக்கு ஒரு குறை இருந்தது. சீசா காலியாகத் தெரிகிறது, விருந்தாளி தூக்கிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளிக்கிறார்.

அப்படியிருக்கையில் குளிர் அறையின் மோட்டார் ஒரு விடுமுறையில் நின்றுபோனது. உள்ளே பாதி வேலையில் இருந்த பெரிய பேட்ச் சூடேறித் திரிந்துவிட்டது. நஞ்சைக் கழுவும் கட்டத்துக்கே அது வரவில்லை. அக்கா சோதித்துப் பார்த்து, நஞ்சின் அளவு எங்கேயோ போய்விட்டது, கொட்டிவிட வேண்டும் என்றாள். ரிப்பனுக்குக் கண் மின்னியது. அதை உலர்த்தி, பரிசுச் சீசாக்களில் வெள்ளையாய்க் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குத் தாராளமாய் நிரப்பச் சொன்னார்.

நான் பக்கத்தில்தான் இருந்தேன். அக்கா கத்தியது என் ஆட்டும் பெட்டியின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. "காட்சிக்குத்தானே சார்? சர்க்கரையைப் போடுங்க. உப்பைப் போடுங்க. இது வேண்டாம்."

"நம்ம பொருளைக் குடுக்கறதுலதாம்மா கௌரவம்."

"அப்போ ஆராய்ச்சிக்கு மட்டும், மனுஷங்களுக்கு ஆகாதுன்னு பெட்டி மேலயும் பெரிசா போடுங்க."

"பரிசுப் பெட்டியில போய் ஆகாதுன்னு போடுவாங்களா? பார்க்கவே நல்லா இருக்காது. இதை யாரு எடுத்துச் சாப்பிடப் போறாங்க, ஷோகேஸ்ல வைக்கப் போறாங்க."

வேறு ஆட்களை வைத்து நிரப்பிவிட்டார். பெட்டிகள் அவர் அறை அலமாரியில் அடுக்காக ஏறின. அக்கா அதற்குப் பிறகு அந்த அறைக்குள் போவதையே நிறுத்திவிட்டாள்.

அண்ணன்காரன் ஒரு மதியம் கம்பெனிக்கு வந்தான். தங்கையைப் பார்க்க என்று வாசலில் சொல்லியிருக்கிறான். தங்கை குளிர் அறையில் நடுவேலையில் இருந்தாள். குழாயில் புரதம் இறங்கிக்கொண்டிருக்கும்போது அவளைக் கூப்பிட முடியாது, கடவுளே வந்தாலும் காத்திருக்க வேண்டியதுதான். வரவேற்பில் உட்கார்ந்திருந்தவனை ரிப்பன் பார்த்துவிட்டார். நம்ம சீனியர் மேடத்தோட அண்ணனா என்று உள்ளே அழைத்து, காபி கொடுத்து, மனித குலத்துக்கு நாங்கள் செய்கிற சேவையைப் பற்றிப் பேசி, வெல்வெட் பெட்டியைக் கையில் கொடுத்து போட்டோவும் எடுத்துக்கொண்டார். அவன் தங்கையைப் பார்க்காமலேயே போய்விட்டான். இத்தனையும் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரிதான் அன்றைக்கு அவனுக்கு இருந்திருக்கும்.

மறுநாள் வேலை நேரத்தில் அக்காவுக்குப் பக்கத்து வீட்டு அம்மாவிடமிருந்து போன். அப்பாவுக்குக் குளிர் தூக்கிப் போடுகிறது, பேச்சு குழறுகிறது, அண்ணன் ஆம்புலன்ஸில் கூட்டிக்கொண்டு போகிறார். அவள் குளிர் அறைக் கதவைச் சாத்தாமல் ஓடினாள். அவள் அந்தக் கதவைத் திறந்து போட்டு நான் பார்த்ததில்லை.

கொஞ்ச நேரம் கழித்து எனக்குப் போன் வந்தது. அக்காதான். "மோட்டார் நின்ன பேட்ச். நஞ்சு அளவு எழுதின சோதனைத் தாள் என் மேஜையில இருக்கு. ரிப்பன் அலமாரியிலேருந்து ஒரு பெட்டியையும் எடுத்துட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு வா. கேட்டா நான் சொன்னேன்னு சொல்லு."

நான் போனபோது அவசரப் பிரிவின் வாசலில் அண்ணன்காரன் சுவரோடு சுவராக நின்றிருந்தான். உள்ளே டாக்டரம்மா என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டதற்கு, சத்து ஊசி என்று சொல்லியிருக்கிறான். என்ன சத்து ஊசி? பெயர் ஞாபகமில்லையாம். அக்கா வந்து அவன் சட்டையைப் பிடித்து உலுக்கிய பிறகுதான் பையிலிருந்து வெல்வெட் பெட்டியை எடுத்திருக்கிறான். தெருமுனை மருந்துக்கடையில் ஊசி போடுகிற ஆள் ஒருவரை அன்று காலை வீட்டுக்கே கூட்டி வந்திருக்கிறான். வெல்வெட்டைப் பார்த்து அவரும் மயங்கி, கரைத்து, பெரியவர் கையில் ஏற்றிவிட்டார். ஆழம் தெரியாமல் காலை விட்டது இரண்டு பேர், மூழ்கியது மூன்றாவது ஆள்.

டாக்டரம்மா தாளை வாங்கிப் பார்த்தார். ஒருமுறை என்னைப் பார்த்தார், ஒருமுறை தாளைப் பார்த்தார். "இவ்வளவா? இதை யாராவது மனுஷனுக்குப் போடுவாங்களா?"

"போட்டிருக்காங்க" என்றாள் அக்கா.

என்ன விஷம் என்று தெரிந்ததே பெரிய உதவி என்று டாக்டரம்மா சொன்னார். இரத்த அழுத்தம் தரையைத் தொட்டுவிட்டது. இரண்டு கையிலும் சலைன் ஓடியது. அக்கா கட்டிலின் கால்மாட்டில் நின்று, திரையில் ஏறி இறங்கும் எண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஸ்வெட்டரோடு, அந்தப் புழுக்கத்தில், அவளுக்கு வியர்க்கக்கூட இல்லை. எனக்கு அழுகை வரவில்லை. ரிப்பனை, மருந்துக்கடைக்காரனை, இந்தத் தடியனை, மூன்று பேரையும் வரிசையாக நிறுத்தி அறைய வேண்டும் போல இருந்தது.

சாயங்காலம் அழுத்தம் மெல்ல ஏறியது. பிழைத்துவிடுவார் என்றார்கள். அதுவரை சுவரோடு ஒட்டி நின்ற அண்ணன்காரனுக்கு அந்த வார்த்தையைக் கேட்டதும் உயிர் வந்தது. கூடவே நாக்கும் வந்தது.

"உன் கம்பெனி சரக்குதானே இது? நீதானே கழுவறவ? நீ ஒழுங்கா சுத்தம் பண்ணியிருந்தா அப்பாவுக்கு இப்படி ஆகியிருக்குமா?"

வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா அவன் முகத்துக்கு நேரே வந்து நின்றாள்.

"வேலியில போற ஓணானை எடுத்து நீ உன் மடியில விட்டுக்கிட்டா அது உன் தலையெழுத்து. நீ அதை அப்பா மடியில விட்டுட்டு எங்கிட்ட நியாயம் கேக்கறே. ஆகாது ஆகாதுன்னு எத்தனை தடவை சொன்னேன்? நான் சொன்னது உன் காதுல ஏறலை. தங்க எழுத்து மட்டும் ஏறிச்சு."

"நீ குடுத்திருந்தா நான் ஏன் வெளியில வாங்கறேன்?" என்றான் அவன். செத்த பாம்பை அடிக்கிற மாதிரி அந்த ஒரு வாக்கியத்தையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் அப்பாவிடம் உள்ளே போய்விட்டாள்.

அடுத்து அவள் வேலைக்கு வந்த அன்று நேராக ரிப்பன் அறைக்குள் போனாள். கதவைத் தட்டவில்லை. அலமாரியிலிருந்த வெல்வெட் பெட்டிகளைத் தள்ளுவண்டியில் வாரிப் போட்டாள். நான் பின்னாலேயே ப்ளீச் கேனோடு போனேன். அவர் எழுந்து நின்றார்.

"அப்பாவுக்கு நடந்தது வருத்தம்தாம்மா. ஆனா இது உங்க வீட்டு விஷயம். கம்பெனி பேரை எங்கேயும் இழுக்காதீங்க."

"வீட்டு விஷயமா? என் வீட்டுக்கு இதை அனுப்பினது யாரு சார்? சிரிச்சு போட்டோ எடுத்தீங்களே, அந்த போட்டோவையும் எடுத்துட்டு வாங்க, சேர்த்து ஊத்தறேன்."

ஒவ்வொரு சீசாவாகத் திறந்து தொட்டியில் கொட்டி ப்ளீச் ஊற்றினோம். மூக்கு எரிந்தது. அவர் யாரிடமோ போனில் பேசுகிற மாதிரி நழுவிவிட்டார். ஏற்கெனவே வெளியே போன பெட்டிகளைத் திரும்ப வாங்க வேண்டும் என்று அக்கா விடாமல் கத்தியதில், வேண்டா வெறுப்பாக ஒவ்வொருவரையும் கூப்பிட்டுச் சொன்னார். வேறு தண்டனை ஒன்றும் அவருக்குக் கிடைக்கவில்லை. மருந்துக்கடைக்காரன் சில நாள் கடையைப் பூட்டி வைத்திருந்துவிட்டுத் திறந்துகொண்டான். அண்ணன்காரன் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போன் போட்டு, தங்கச்சி கம்பெனி மருந்து அப்பாவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி முடித்திருந்தான். மருந்தாம். ஒத்துக்கொள்ளவில்லையாம்.

அப்பாவைச் சாதாரண வார்டுக்கு மாற்றிய பிறகு நானும் அக்காவோடு பார்க்கப் போனேன். ஆள் பாதியாகியிருந்தார். ஆனால் என்னை அடையாளம் தெரிந்தது. சமையல்காரியா, வாம்மா என்றார். அக்கா அவருக்கு முகம் துடைத்து, தலையணையை உயர்த்தி வைத்து, கரண்டியால் சூப் கொடுத்தாள். கொடுத்துக்கொண்டே, நடந்ததை மறுபடி முதலிலிருந்து சொன்னாள். அந்தப் பெட்டியில் இருந்தது கெட்டுப்போன சரக்கு, கழுவாத சரக்கு, எலும்புக்கு அது எந்தக் காலத்திலும் மருந்தில்லை, அண்ணன் சொல்வது எதையும் இனிமேல் கேட்காதீர்கள். கோபத்தை அடக்கி, ஒவ்வொரு வார்த்தையாக, குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். சூப் முடிந்தது. வாயைத் துடைத்துவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டார். குரலைத் தணித்தார், நான் கேட்டுவிடக் கூடாது என்று நினைத்தார் போல.

"அவன் கொண்டுவந்தது கழிச்சுப் போட்டதுன்னு இப்போ புரியுது. அவனுக்கு என்ன தெரியும், பாவம்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "நல்லா கழுவினது உங்கிட்டதானே இருந்துச்சு. ஒண்ணு கொண்டுவந்திருக்கலாம்ல பாப்பா."